ஜெர்மன் ரீடும் கீரனூர்ப் பாட்டும்

சென்ற இதழில் பழனிப் பக்கத்து நாடக மேடைகளைப் பற்றி எழுதியபோது, "ஜெர்மன் ரீடு போட்ட பழைய பெட்டி" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. ஆகவே இந்த முறை முழுக்க ஆர்மோனியம்தான்.

மளிகைக் கடைக்காரர், கீரனூர்: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆர்மோனியம் நம்ம வாத்தியமா, வெள்ளைக்காரன் வாத்தியமா?

பிறந்த வீடு ஐரோப்பா, புகுந்த வீடு இந்தியா. பிறந்த வீட்டில் அதை இன்று மியூசியத்திலும் சில பழைய சர்ச்சுகளிலும்தான் பார்க்கலாம். குடும்பம் நடத்துவதெல்லாம் இங்கேதான்.

கல்லூரி மாணவர், திருச்சி: நீங்கள் எழுதும் கீரனூர் புதுக்கோட்டைப் பக்கம் இருப்பதுதானே?

இல்லை தம்பி. அது குளத்தூர் தாலுகாக் கீரனூர். இது திண்டுக்கல் மாவட்டம், பழனி தாலுகாக் கீரனூர். நாவலாசிரியர் கீரனூர் ஜாகிர்ராஜாவின் ஊர் என்றால் இலக்கியம் படிப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பழனி: "ஜெர்மன் ரீடு, ஜெர்மன் ரீடு" என்று பெட்டிக்காரர்கள் உயர்த்திப் பேசுகிறார்களே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும், டீச்சர். எனக்குத் தெரிந்த ஒரு ரிப்பேர்க்காரர் திருவிழா முடிந்த பருவத்தில் வரிசையாகப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். மேல் பலகையைக் கழற்றினால் கட்டை வரிசை. அதற்கும் கீழே உள்ள பலகையைத் திருப்பினால் பித்தளைத் தகடுகள் அணிவகுத்து நிற்கும். ஒவ்வொரு தகட்டிலும் நீளமாக ஒரு வெட்டு, அந்த வெட்டின் ஒரு முனையில் ஆணியடித்து நிறுத்திய மெல்லிய பித்தளை நாக்கு. நாக்கு வெட்டுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும், ஆனால் ஓரத்தில் உரசக்கூடாது. அந்த இடைவெளி ஒரு தாளின் தடிமன்கூட இருக்காது. காற்று அதன் வழியாகப் போகும்போது நாக்கு துடிக்கிறது. நமக்குக் கேட்கும் ஒலி அந்தத் துடிப்புத்தான்.

நீளமான நாக்கு மெதுவாகத் துடித்துக் கனத்த ஒலி தரும், குட்டையானது வேகமாகத் துடித்துக் கீச்சென்று ஒலிக்கும். சுருதி சேர்ப்பது அரத்தால். நுனியைச் சுரண்டினால் பாரம் குறைந்து சுருதி ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் விறைப்புக் குறைந்து சுருதி இறங்கும். அந்த ரிப்பேர்க்காரர் ஒரு சுரண்டல் சுரண்டுவார், வாயால் ஊதிப் பார்ப்பார், தலையாட்டுவார், இன்னொரு சுரண்டல். மூன்றரை ஸ்தாயிப் பெட்டியில் 42 கட்டை. இரட்டை ரீடு என்றால் 84 நாக்கு. எண்பத்து நாலையும் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

நல்ல பித்தளை, சீரான வெட்டு, தேய்ந்துபோகாத விறைப்பு, இவை மூன்றும் பழைய ஜெர்மன் ரீடில் இருந்தன. 'ஜூபிலேட்' முத்திரை போட்ட ஜெர்மன் ரீடும், 'காஸ்ரியல்' பெயர் போட்ட பாரீஸ் ரீடும் பெட்டிக்காரர்கள் மத்தியில் சொத்துக் கணக்கில் வரும். தாத்தா வாசித்த ரீடைக் கழற்றிப் பேரன் புதுப் பெட்டியில் போட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் சாதாரணம்.

டெய்லர், ஒட்டன்சத்திரம்: இந்த ரீடைக் கண்டுபிடித்த ஜெர்மன்காரர் யார்?

கண்டுபிடித்தது சீனா. 'ஷெங்' என்ற மூங்கில் குழல் வாத்தியத்தில் இதே மாதிரி நாக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. ஐரோப்பா அதைக் கையில் எடுத்தது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

ஜெர்மன்காரர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கிறிஸ்டியன் காட்லீப் கிராட்சென்ஸ்டைன். 1723-இல் வெர்னிகரோடேயில் பிறந்து கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்தவர். ஐந்து உயிரெழுத்துகளைப் பேசிக்காட்டும் ஒரு கருவியைச் செய்து 1780-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியின் பரிசை வாங்கினார். அதில் ஒலி எழுப்பியது இந்த வகை நாக்குதான். ஆக, இந்த ரீடு ஐரோப்பாவில் பாடுவதற்கு முன்பே பேசிவிட்டது!

பிறகு 1810 வாக்கில் பவேரியப் பக்கம் கோனிக்ஸ்ஹோஃபன் ஊரில் எஷன்பாக் என்ற அரசு அலுவலரும், அவருடைய உறவினரான ஷ்லிம்பாக் என்ற வாத்தியக் கைவினைஞரும் சேர்ந்து நாக்கையும் கட்டை வரிசையையும் இணைத்து 'எயோலின்' செய்தார்கள். 1818-இல் வியன்னாவில் ஆன்டன் ஹெக்கல் 'ஃபிஸ்ஹார்மோனிகா' என்ற சிறிய பெட்டியைச் செய்தார். ஒருவர் தலையில் மட்டும் கிரீடம் வைக்க முடியாத கதை இது. எனக்கு இதில் பிடித்ததும் அதுதான்.

வாசகர், வேடசந்தூர்: புஷ்மான் என்பவர்தான் கண்டுபிடித்தார் என்று ஒரு புத்தகத்தில் படித்தேனே?

ஃபிரீட்ரிக் புஷ்மான். அவர் வாழ்க்கையைச் சொல்லாமல் இந்தப் பக்கம் நிறையாது. 1805-இல் துரிங்கியாவில் ஃபிரீட்ரிக்ரோடா என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா யோகான் டேவிட் புஷ்மான், 'டெர்போடியன்' என்ற கட்டை வாத்தியத்தைச் செய்தவர். உருளும் மரத்தில் மரத்துண்டு உரசி ஒலிக்கும் விசித்திர வாத்தியம் அது. அப்பாவும் பிள்ளைகளும் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்துக் காட்டினார்கள். வாத்தியத்தைச் செய்பவனே வாசிக்கவும் விற்கவும் ரிப்பேர் பார்க்கவும் வேண்டியிருந்த காலம்.

சுருதி சேர்க்க உதவியாக ஒரு கையடக்க ரீடுக் கருவியை 1821 வாக்கில் மகன் புஷ்மான் செய்தார், மவுத் ஆர்கனும் அக்கார்டியனும் அதிலிருந்துதான் பிறந்தன என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அந்தக் காலத்துச் சான்று அதற்கு வலுவாக இல்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். கடைசியில் ஹாம்பர்கில் நிலைத்து, ரீடு வைத்த கட்டைப் பெட்டிகள் செய்து, 1864-இல் அங்கேயே இறந்தார். "முதலில் கண்டுபிடித்தவர்" பட்டத்தை எடுத்துவிட்டாலும் அவர் எனக்குச் சிறுத்துப் போகவில்லை. வாழ்நாள் முழுக்கக் கையில் அரத்தோடு இருந்தவருக்குப் பட்டம் எதற்கு?

வங்கி ஊழியர், திண்டுக்கல்: இவ்வளவு ஜெர்மன்காரர்கள் பாடுபட்டிருக்க, 'ஆர்மோனியம்' என்ற பெயரைப் பிரான்ஸ் எப்படித் தட்டிக்கொண்டு போனது?

பதிவு அலுவலகத்துக்கு முதலில் போனவர் அலெக்சாந்தர் டெபேன். 1840-களின் தொடக்கத்தில் பாரீசில் காப்புரிமை வாங்கி 'ஆர்மோனியம்' என்ற பெயரையும் தனக்கே பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் அதே மாதிரிப் பெட்டியைச் செய்துவிட்டு வேறு பெயர் தேடி அலைந்தார்கள்.

பிளஸ் டூ மாணவி, கீரனூர்: போட்டித் தேர்வில் கேட்கிற மாதிரி ஒரு வருடம் சொல்லுங்கள் சார், இசைக் கருவிகளுக்கு முக்கியமான வருடம்!

1853. அந்த ஒரே வருடத்தில் பெர்லினில் பெக்ஸ்டைன் பியானோ, லைப்சிக்கில் ப்ளூத்னர் பியானோ, ஜெர்மனியிலிருந்து பிழைக்கப் போன குடும்பம் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்டைன்வே பியானோ, ஸ்டட்கார்ட்டில் ஜூலியஸ், பவுல் என்ற ஷீட்மேயர் சகோதரர்களின் ஆர்மோனியத் தொழிற்சாலை, நான்கும் பிறந்தன. பம்பாய்க்கும் தானேவுக்கும் நடுவில் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதும் அதே 1853-இல்தான், பாப்பா. பின்னால் துறைமுகத்தில் இறங்கிய பெட்டிகளை உள்ளூர்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்த ரயில்.

இசை ரசிகர், நத்தம்: ஷீட்மேயர் குடும்பம் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பால்தசார் ஷீட்மேயர் 1735-இல் எர்லாங்கன் ஊரில் முதல் கட்டை வாத்தியத்தைச் செய்தார். மகன் யோகான் டேவிட் அப்பாவின் தொழிலில் பேர் எடுத்தார். பேரன் யோகான் லோரன்ஸ் 1809-இல் ஸ்டட்கார்ட்டில் பட்டறை போட்டார். அவருடைய பிள்ளைகளில் இருவர்தான் மேலே சொன்ன ஆர்மோனியச் சகோதரர்கள். 1890-லிருந்து 'செலஸ்டா' என்ற மணியொலி வாத்தியத்தையும் அந்தக் குடும்பப் பெயரில் செய்துவருகிறார்கள். இன்றும் செய்கிறார்கள்.

அவர்களை நான் மறக்காமல் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக. ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, 1863-இல் ஒலி உணர்வைப் பற்றிப் பெரும் புத்தகம் எழுதியவர். சாதாரணக் கட்டை வாத்தியத்தின் சுருதி அவர் காதுக்கு உறுத்தியது. ஷீட்மேயரிடம் சொல்லி, சுத்தமான சுருதியில் ஒலிக்கும்படி இரட்டைக் கட்டை வரிசை வைத்த ஒரு தனி ஆர்மோனியத்தைச் செய்து வாங்கிக்கொண்டார். ஆர்மோனியத்தின் சுருதியில் குறை உண்டு என்று நம் வித்வான்கள் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே ஜெர்மனியில் ஒருவர் சொல்லி, மாற்றுப் பெட்டியும் செய்து பார்த்துவிட்டார்.

வயலின் மாணவர், கொடைரோடு: அப்படி என்ன குறை? கணக்கோடு சொல்ல முடியுமா?

முடியும். ஒரு கட்டை சுருதியில் மத்திய ஸட்ஜம் விநாடிக்கு ஏறத்தாழ 261.6 அதிர்வு. தம்பூராவோடு ஒட்டி நிற்கிற அந்தர காந்தாரம் அதோடு அதன் நாலில் ஒரு பங்கு கூட்டல், அதாவது ஒன்றேகால் மடங்கு: 327. பெட்டியில் அதே காந்தாரம் 329.6. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் விநாடிக்கு இரண்டு மூன்று முறை ஓர் அலை அடிக்கும். பழகாத காதுக்கும் கேட்கும்.

பெட்டி ஸ்தாயியை 12 சம பங்காக வெட்டுகிறது. எந்தக் கட்டையை ஸட்ஜமாக வைத்தாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அந்த வசதிக்கு விலையாகக் காந்தாரம் கொஞ்சம் ஏறி நிற்கிறது. பஞ்சமம் கிட்டத்தட்டத் தப்பித்துவிடுகிறது.

தமிழாசிரியர், நிலக்கோட்டை: இந்தச் சுருதிச் சண்டையில் நம்ம பக்கத்து ஆள் யாராவது கலந்துகொண்டார்களா?

நம்ம பக்கத்தில் படித்த ஒருவர் நடுநாயகமாக நின்றார் ஐயா! தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சிக்கு வந்தது திண்டுக்கல்லுக்கு. அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பிடில் கற்றதும் திண்டுக்கல்லில், சடையாண்டிப் பத்தரிடம். சுருளி மலையில் கருணானந்தர் என்ற முனிவரிடம் மூலிகை வைத்தியம் கற்று, பிறகு தஞ்சைக்குப் போய் வைத்தியத்தில் சம்பாதித்ததை இசை ஆராய்ச்சியில் கொட்டினார். 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம், 1917-இல் 'கருணாமிர்த சாகரம்'. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அந்தப் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தாலே அவருடைய உழைப்பின் பாரம் தெரியும்.

அந்தக் காலத்தில் கிளெமெண்ட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியும் சாங்லியைச் சேர்ந்த தேவலும் ஸ்தாயிக்கு 22 சுருதி என்று கணக்குப் போட்டு, அதற்கென்றே லண்டனில் ஒரு சுருதி ஆர்மோனியம் செய்வித்தார்கள். பண்டிதர் ஒப்பவில்லை. 1916-இல் பரோடாவில் நடந்த முதல் அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் மகள்களை அழைத்துக்கொண்டு போய், பாட வைத்தும் வீணையில் வாசிக்க வைத்தும் தம் தரப்பை நிறுவ முயன்றார். ஸ்தாயியைச் சமமாக 12 ஆகவும் 24 ஆகவும் பகுத்ததுதான் பழந்தமிழர் முறை என்பது அவர் வாதம்.

அவர் முடிவை நான் முழுக்க ஏற்கவில்லை. நல்ல பாடகரின் காந்தாரம் சமக்கணக்கில் நிற்பதில்லை என்றுதான் என் காது சொல்கிறது. ஆனால், திண்டுக்கல்லில் பிடில் பிடிக்கக் கற்ற ஒரு பள்ளி ஆசிரியர், மகாராஜாக்களும் அதிகாரிகளும் வித்வான்களும் கூடிய சபையில் பெருக்குத்தொடர்க் கணக்கை வைத்து எதிர்வாதம் செய்தார் என்பதை நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வாசகி, ஆயக்குடி: வெள்ளைக்காரர்கள் ஆர்மோனியத்தைக் காலால் மிதித்து வாசிப்பார்களாமே? நாம் ஏன் கையால் அடிக்கிறோம்?

கல்கத்தாக்காரர் துவாரகாநாத் கோஷ் செய்த வேலை அது. 1875-இல் தொடங்கிய அவருடைய கடைக்கு 'துவார்கின்' என்று பெயர். ஐரோப்பியப் பெட்டிக்கு மேசை உயரம் வேண்டும், நாற்காலி வேண்டும். நாமோ தரையில் சம்மணம் போட்டுப் பாடுகிறவர்கள். கோஷ் காலையும் மிதிகட்டையையும் எடுத்துவிட்டார். துருத்தியைப் பெட்டியின் பின்பக்கம் வைத்தார். பெட்டி மடியுயரத்துக்கு இறங்கியது.

இதில் ஒரு பெரிய கணக்கு ஒளிந்திருக்கிறது அம்மா. மேல்நாட்டு இசைக்கு இரண்டு கையும் கட்டையில் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல ஸ்வரங்களை அடுக்கி வாசிப்பது அவர்கள் முறை. அதனால் காற்றடிக்கும் வேலை காலுக்குப் போனது. நமக்கு ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் போதும். வலது கை பாடினால் சரி. வேலையில்லாமல் இருந்த இடது கைக்குத் துருத்தியைக் கொடுத்துவிட்டார்கள். காலை விடக் கை நுணுக்கமானது. எங்கே அழுத்தி, எங்கே விட்டு, எங்கே மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். உள்ளே இன்னொரு துருத்தி ஸ்பிரிங் அழுத்தத்தில் காற்றைச் சேமித்துச் சீராக விடுகிறது. ஜெர்மன்காரரின் நாக்கும் பிரெஞ்சுக்காரரின் பெயரும் இருக்கட்டும். இந்தப் பெட்டியை நம் பாட்டுக்கு ஏற்றதாக ஆக்கியது இந்த மாற்றம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

நாடக ரசிகர், தொப்பம்பட்டி: கால் பெட்டியை நான் சின்ன வயதில் மேடையில் பார்த்திருக்கிறேன்!

பார்த்திருப்பீர்கள் ஐயா. நாடக மேடையில் அது ரொம்ப நாள் தாக்குப்பிடித்தது. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றால் கால் பெட்டியின் முழக்கம் தேவைப்பட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த நாடகங்களில் ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியம் இல்லை. பின்பாட்டு அவர்தான் பாடுவார். நடிகருக்கு அடி மறந்தால் எடுத்துக் கொடுப்பார். விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமண'த்தில் வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது, யார் எந்தச் சுருதிக்குத் தாவினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டையை மாற்றிப் பிடிப்பார். நடிகர்கள் மாறி மாறி ஓய்வெடுக்கலாம். அவர் எழுந்திருக்க முடியாது.

எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம். டி.எம். காதர் பாட்சாவை 'ஆர்மோனியச் சக்கரவர்த்தி' என்றே கொண்டாடினார்கள். திண்டுக்கல், மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி நாடக நடிகர் சங்கங்களில் இன்றும் பெட்டிக்காரர்கள் பதிவு செய்துகொண்டு பருவத்துக்குப் பருவம் மேடை ஏறுகிறார்கள். கிராமத்துக் கோயில் கமிட்டி நாடகம் பேசும்போது ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்று கேட்ட கையோடு, பெட்டி யார் என்றும் கேட்கும்.

பாட்டு வாத்தியாரின் சீடர், சத்திரப்பட்டி: என் நண்பன் தான் மூன்றரைக் கட்டையில் பாடுவதாகச் சொல்கிறான். நம்பலாமா?

பெட்டியைத் திறந்து அந்தக் கட்டையைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கருப்புக் கட்டையே கிடையாது!

ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை உண்டு. பெட்டியையே மேடையில் ஏற்றாத கர்நாடக வித்வானும் தன் சுருதியை இந்தக் கட்டைக் கணக்கில்தான் சொல்கிறார்.

சபா செயலர், மதுரை: ஏற்றாததற்குக் காரணம் இருக்கிறதே! கமகம் வராத வாத்தியத்தைக் கச்சேரியில் எப்படி வைப்பது?

நியாயமான கேள்வி. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகப் பெட்டியில் வழியில்லை. தோடியின் காந்தாரத்தை அசைக்க வேண்டும் என்றால் கட்டை இடம் கொடுக்காது. பல்லடம் வெங்கடரமண ராவ் போன்றவர்கள் பக்கத்துக் கட்டையை மின்னல் மாதிரித் தொட்டும், துருத்தி அழுத்தத்தை மாற்றியும் கர்நாடக இசையை அதில் வாசித்துக் காட்டினார்கள். அது அவர்கள் தவம். எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சபாவில் வைக்காமல் இருப்பது வேறு, நாடு முழுக்கத் தடை போடுவது வேறு. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் வாசிக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. டெல்லி நிலையத்தில் மேலை இசைக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் அதற்கு முன்பே ஆர்மோனியத்தை எதிர்த்து எழுதியிருந்தார். தாகூரும் கல்கத்தா நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். சொன்னவர்கள் இசையின் மேல் அன்பு கொண்டவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் பஜனை மடத்திலும் நாடகக் கொட்டகையிலும் தர்காவிலும் சர்ச்சிலும் பாட்டுக்குத் துணையாக உட்கார்ந்திருந்த ஆயிரமாயிரம் எளிய கலைஞர்கள் ஒரே நாளில் வானொலிக்கு வேண்டாதவர்கள் ஆனார்கள். 1971-இல்தான் கட்டுப்பாடு தளர்ந்தது. முப்பது வருடத்துக்கு மேல்! ஒரு கலைஞரின் வாசிக்கும் வயது முழுக்க அதில் போய்விடும். வாத்தியத்தின் குறையைச் சுட்டிக்காட்டலாம், திருத்தச் சொல்லலாம். வாசிப்பவரின் வாயிலை அடைக்கக் கூடாது.

பொறியாளர், கோவை: குறையைச் சொல்லி வாத்தியம் செய்பவரைத் திருத்த முடியுமா? நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. கோட்ஃபிரீட் ஸில்பர்மன் (1683–1753), சாக்ஸனியின் ஃப்ரைபர்கில் இருந்த பேர்பெற்ற ஆர்கன் கைவினைஞர். இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி செய்த பியானோவின் அமைப்பைக் கேள்விப்பட்டுத் தானும் செய்தார். செய்ததை பாக்கிடம், ஆம், அந்த யோகான் செபாஸ்டியன் பாக்கிடமே, காட்டினார். மேல் ஸ்தாயி மெலிந்து ஒலிக்கிறது, கட்டை அழுத்தக் கனமாக இருக்கிறது என்றார் பாக். ஸில்பர்மனுக்குக் கோபம். ஆனால் கோபத்தோடு நிற்கவில்லை. அந்தப் பியானோக்களை விற்பதை நிறுத்திக்கொண்டு, வருடக்கணக்கில் அந்த இரண்டு குறைகளோடும் மல்லுக்கட்டினார். பின்னால் பாக் மனநிறைவோடு ஒப்புக்கொண்டார் என்று அவருடைய மாணவர் அக்ரிகோலா எழுதிவைத்திருக்கிறார். 1747-இல் போட்ஸ்டாம் அரண்மனையில் ஃபிரடெரிக் மன்னர் முன்னால் பாக் வாசித்ததும் ஸில்பர்மனின் பியானோக்களில்தான்.

விவசாயி, கீரனூர்: அப்படிப்பட்ட பியானோ ஏன் நம்ம ஊருக்கு வரவில்லை?

வெயிலும் மழையும் கரையானும் விடவில்லை, அண்ணே. பியானோவில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள். ஈரக் காற்றில் மரம் உப்பி, கோடையில் சுருங்கினால் கம்பியின் இழுப்பு மாறிச் சுருதி கலையும். அதைச் சேர்க்க ஆள் சென்னையிலிருந்து வர வேண்டும். அங்கே 1842-இல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கிய கடைதான் இன்றைய மியூசி மியூசிகல். ஆர்மோனியத்தில் கம்பி இல்லை. பித்தளை நாக்குக்கு நம்ம வெயில் பெரிய பொருட்டில்லை. சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போகலாம் என்பது கூடுதல் லாபம்.

பத்தாம் வகுப்பு மாணவர், மானூர்: திருவிழாவில் வாங்கிய மவுத் ஆர்கனும் ஆர்மோனியமும் சொந்தமா அண்ணா?

ஒரே வயிற்றுப் பிள்ளைகள் தம்பி. ஸ்குரு கழற்றிப் பார், உள்ளே அதே பித்தளை நாக்கு. ஜெர்மனியில் ட்ராஸிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் 1857-இல் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கி உலகம் முழுக்க அனுப்பினார். கழற்றியதைத் திரும்பப் பூட்டத் தெரிந்தால் மட்டும் கழற்று.

ரேடியோ மெக்கானிக், பாலசமுத்திரம்: இப்போது ஜெர்மனியிலிருந்து ரீடு வருகிறதா?

இன்று இந்தியப் பெட்டிகளில் துடிப்பது பெரும்பாலும் குஜராத் ரீடு. பாவ்நகர் பக்கம் பாலிதானா என்று சமணர்களின் மலைக்கோயில் ஊர். நாம் பழனி மலை ஏறுவதுபோல் அவர்கள் சத்ருஞ்ஜய மலை ஏறுகிறார்கள். அந்த மலையடிவாரத்து ஊரில் பித்தளையை வெட்டி, ராவி, நாக்கு பொருத்துகிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் செய்த ஒரு நல்ல ரீடைக் காதை மூடிக்கொண்டு குறை சொல்பவர் உண்டு. காதைத் திறந்து கேட்டவர் குறை சொல்லி நான் பார்த்ததில்லை.

இசைக்குழு நடத்துபவர், உடுமலை: கீபோர்டு வந்த பிறகு பெட்டி எதற்கு? ஒரு பட்டனில் நூறு வாத்தியம்!

உங்கள் பிழைப்பைக் குறை சொல்லமாட்டேன். மேடைக்கு மேடை அது உதவுகிறது. ஆனால் பாட்டுப் பிறக்கிற இடத்தில் எம்.எஸ்.வி. கடைசி வரை எதை வைத்திருந்தார்? பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு மேடை மேடையாகப் போன இளையராஜா இன்றும் எதை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருகிறார்? காற்றைக் கையால் கொடுக்கும்போது பாடுகிறவரின் மூச்சும் வாசிப்பவரின் கையும் ஒன்றாகப் போகின்றன. பட்டன் அந்த மூச்சைக் கேட்காது.

பேருந்து நடத்துநர், தாராபுரம்: என் பெட்டியில் ஒரு கட்டை ஊமையாகிவிட்டது. புதுசு வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்காதீர்கள். பத்துக்கு ஒன்பது தடவை தூசிதான். ரீடுப் பலகையைக் கழற்றி, அந்த நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய தாளை நுழைத்து மெதுவாக இழுங்கள். ஊசி போடாதீர்கள், நாக்கு வளைந்துவிடும். பல்லி முட்டையோ கரப்பான் இறக்கையோகூட இருக்கலாம். அப்படியும் பேசாவிட்டால் நாக்கில் கீறல் விழுந்திருக்கும், அந்த ஒரு ரீடை மட்டும் மாற்றினால் போதும். கட்டையை விட்ட பிறகும் ஒலி நிற்காமல் இழுத்தால் கோளாறு ரீடில் இல்லை, கட்டைக்கு அடியில் ஒட்டிய தோல் காய்ந்து சுருண்டிருக்கும்.

இல்லத்தரசி, கீரனூர்: மகளுக்கு ஒரு ஆர்மோனியம் வாங்கலாம் என்று இருக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது அண்ணா?

பாலிஷைப் பார்க்காதீர்கள் தங்கச்சி. கடையில் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டு, துருத்தியை ஒரு தடவை நன்றாக அடித்துக் கையை எடுங்கள். உள்துருத்தி படக்கென்று இறங்கினால் காற்றுக் கசிகிறது, வேண்டாம். பிறகு கீழிருந்து மேலாக ஒவ்வொரு கட்டையாக மெதுவாக அழுத்திக் கேளுங்கள். மெல்லிய காற்றிலேயே ரீடு பேச வேண்டும். அடித்தால்தான் பேசும் என்றால் நாக்கு சரியாக நிமிர்ந்து நிற்கவில்லை. முதல் பெட்டிக்கு இரட்டை ரீடு போதும். சுருதி மாற்றுகிற கருவி, மடக்குப் பெட்டி இதெல்லாம் இப்போது தேவையில்லை.

கடைக்குப் போகும்போது பக்கத்து ஊரில் யாராவது வயதான நாடகப் பெட்டிக்காரர் இருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். சந்தோஷமாக வருவார். வாங்கிய பிறகு, மகளுக்கு முதல் பாடத்தையும் அவரிடமே கேட்டுப் பாருங்கள்.